எதிரொலியும் மறுமொழியும்: விமானங்களின் நான்கிலக்கக் குறியெண்

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் செல்லும் மலைப்பாதையில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், எக்கோ பாயிண்ட் என வழங்கும் நீர்க்கரை ஒன்று உண்டு. அங்கு நின்று ஒருவர் உரக்கக் கூவினால், எதிர்ப்புறத்து மலைச்சரிவு அக்குரலைத் திருப்பி அனுப்புகிறது. கூவியதற்கும் எதிரொலி கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தால் சரிவின் தொலைவை அறியலாம். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். இரண்டு வினாடி கழித்து எதிரொலி கேட்குமாயின், ஒலி போய்வந்த தூரம் 680 மீட்டர். சரிவின் தொலைவு அதில் பாதியாகிய 340 மீட்டர்.

எதிரொலி தொலைவைச் சொல்லும், வேறொன்றும் சொல்லாது. அதே எதிர்க்கரையில் ஒரு மனிதர் நின்றுகொண்டு, கூவும் குரல் கேட்டவுடன் தம் பெயரையும், தாம் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறார் என்பதையும் திருப்பிக் கூவினால், அது எதிரொலியன்று, மறுமொழி ஆகும். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் இருவகை ராடார்களின் வேறுபாடும் இதுவே. முதல்நிலை ராடார் எதிரொலியைக் கேட்கிறது. இரண்டாம்நிலை ராடார் வினா எழுப்பி, விமானத்திலுள்ள கருவி தரும் மறுமொழியைக் கேட்கிறது. அக்கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். அது தரும் மறுமொழி எவ்வாறு அமைந்துள்ளது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

புள்ளி சொல்லாத உயரம்

முதல்நிலை ராடார் வானொலி அலைத் துடிப்புகளைக் குறுகிய கற்றையாக அனுப்புகிறது. விமானத்தின் உலோக உடலில் பட்டுத் திரும்பும் அலையின் நேரத்தைக் கொண்டு தொலைவும், அலைவாங்கி நோக்கியிருந்த திசையைக் கொண்டு விமானத்தின் திசையும் கணக்கிடப்படுகின்றன. திரையில் தோன்றுவது ஒரு புள்ளி மட்டுமே. அப்புள்ளி எந்த விமானம் என்பதையும், அது எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதையும் வழக்கமான விமானத்தடக் கண்காணிப்பு ராடாரின் திரை காட்டாது. ஒன்றன்மேல் ஒன்றாக, 300 மீட்டர் இடைவெளியில் பறக்கும் இரு விமானங்களும், ஒரே உயரத்தில் மோதவிருக்கும் இரு விமானங்களும் அதில் ஒரேவகையாகவே காட்சியளிக்கும்.

இக்குறையின் பொருளை இந்தியா 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை அறிந்தது. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானம் ஒன்றும், கஜகஸ்தானிலிருந்து தில்லி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இலியூஷின் 76 விமானம் ஒன்றும் அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரிக்கு அருகே வானில் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். போயிங் விமானம் 14,000 அடியிலும், இலியூஷின் 15,000 அடியிலும் நிற்க வேண்டுமென ஆணையிடப்பட்டிருந்தது. எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையும் வானொலி வழியே தரப்பட்டது. ஆயினும் இலியூஷின் தனக்குரிய உயரத்திற்குக் கீழே இறங்கிவிட்டது. அதுவே விபத்தின் காரணம் என்பது விசாரணையின் முடிவு.

அந்நாளில் தில்லியில் கட்டுப்பாட்டு அலுவலரின் முன் இருந்தது முதல்நிலை ராடார் மட்டுமே. 1,000 அடி இடைவெளி மறைந்துகொண்டிருந்ததைத் திரை அவருக்குக் காட்டவில்லை. விமானிகளின் சொல்லைத் தவிர அவருக்கு வேறு சான்று இல்லை. வருகைக்கும் புறப்பாட்டிற்கும் ஒரே வான்வழி பயன்பட்டதும் ஆபத்தை மிகுவித்தது. இவ்விபத்திற்குப் பின் இரு வழிகளும் பிரிக்கப்பட்டன. உயரத்தைக் காட்டும் இரண்டாம்நிலை ராடார் பயனுக்கு வந்தது. விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

வினாவும் விடையும்

இரண்டாம்நிலை ராடாரின் வித்து இரண்டாம் உலகப் போரில் ஊன்றப்பட்டது. திரையில் தெரியும் புள்ளி நட்பு விமானமா, பகை விமானமா என அறிவதற்காக, ராடார் அலை பட்டவுடன் விடையனுப்பும் கருவிகள் நட்பு விமானங்களில் பொருத்தப்பட்டன. அக்கருவிக்குப் படையினர் வழங்கிய மறைபெயர் ‘கிளி’ என்பதாகும். கிளி கத்துவதைக் குறிக்கும் ‘ஸ்குவாக்’ என்ற ஆங்கிலச் சொல்லே, குறியெண்ணை அனுப்புமாறு விமானிக்கு ஆணையிடும் சொல்லாக இன்றும் வழங்குகிறது.

இன்றைய முறையில் தரை நிலையம் 1030 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வினா எழுப்புகிறது. விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் விடையளிக்கிறது. அதிர்வெண்கள் வேறுபட்டிருப்பதால், மலையிலும் மேகத்திலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் விடையோடு கலப்பதில்லை. உலகெங்கும் இவ்வளவுகள் ஒன்றே. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் வழி அமைந்த பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு இவற்றை வரையறுத்துள்ளது. ஆதலின் எந்த நாட்டு விமானமும் எந்த நாட்டு ராடாருக்கும் விடை சொல்ல இயலும்.

வினா என்பது இரண்டு துடிப்புகளாலானது. அவற்றின் இடைவெளியே வினாவின் பொருளை உணர்த்துகிறது. இடைவெளி 8 மைக்ரோ வினாடியாயின், ‘நீ யார்?’ என்பது வினா; இது ஏ முறை எனப்படும். இடைவெளி 21 மைக்ரோ வினாடியாயின், ‘எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்?’ என்பது வினா. இது சி முறை எனப்படும். ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்விரண்டிற்கும் நடுவே, முதல் துடிப்பிற்கு 2 மைக்ரோ வினாடி கழித்து, மற்றொரு துடிப்பும் எல்லாத் திசைகளிலும் அனுப்பப்படுகிறது. அலைவாங்கியின் முதன்மைக் கற்றைக்குள் இருக்கும் விமானத்திற்கு முதல் துடிப்பே வலுவாகக் கேட்கும். பக்கவாட்டில் கசியும் அலையைப் பெறும் விமானத்திற்கு நடுத்துடிப்பு வலுத்துக் கேட்கும். அவ்வாறு கேட்டால், வினா தனக்குரியதன்று என உணர்ந்து கருவி வாய்மூடி இருக்கும். வகுப்பில் ஆசிரியர் ஒரு மாணவனை நோக்கிக் கேட்கும்போது பக்கத்திலிருப்பவன் பேசாதிருப்பதை இது ஒக்கும்.

இம்முறைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. எதிரொலியின் வலிமை தொலைவின் நான்காம் படிக்கேற்பக் குறையும். தொலைவு இருமடங்கானால் பதினாறில் ஒரு பங்காகும். வினாவும் விடையும் தனித்தனியே புறப்பட்டு ஒருவழி மட்டுமே செல்வதால், அவற்றின் வலிமை தொலைவின் இரண்டாம் படிக்கேற்பவே குறையும். தொலைவு இருமடங்கானால் நான்கில் ஒரு பங்காகும். எனவே குறைந்த ஆற்றலில் நெடுந்தொலைவு எட்ட முடிகிறது.

நான்கிலக்கம், பன்னிரண்டு துடிப்புகள்

விமானம் புறப்படுமுன் அல்லது ஒரு வான்மண்டலத்தினுள் நுழையும்போது, கட்டுப்பாட்டு அலுவலர் அதற்கு ஒரு நான்கிலக்கக் குறியெண்ணை வழங்குகிறார். விமானி அதனைக் கருவியில் பதிக்கிறார். ‘நீ யார்?’ என்னும் வினா வரும்போதெல்லாம் அவ்வெண்ணே விடையாகச் செல்லும். தரையிலுள்ள கணிப்பொறி அவ்வெண்ணைப் பறப்புத் திட்டத்துடன் ஒப்பிட்டு, திரையில் விமானத்தின் பெயரை எழுதுகிறது.

இவ்வெண்களில் 8, 9 ஆகிய இலக்கங்கள் ஒருபோதும் வாரா. காரணம் யாதெனில், ஒவ்வோர் இலக்கமும் மூன்று துடிப்புகளால் உணர்த்தப்படுகிறது. அவற்றின் மதிப்பு முறையே 4, 2, 1 ஆகும். துடிப்பு இருந்தால் அம்மதிப்பு சேரும், இல்லாவிட்டால் சேராது. மூன்றும் இருந்தால் 7; ஒன்றும் இல்லாவிட்டால் 0. ஏழுக்கு மேல் எண்ண வழியில்லை. இது எட்டை அடியாகக் கொண்ட எண்முறையாகும்.

எடுத்துக்காட்டாக, 4527 என்னும் குறியெண்ணைக் கொள்க. 4 என்பது 100. 5 என்பது 101. 2 என்பது 010. 7 என்பது 111. இங்கு 1 என்பது துடிப்பு உண்டென்பதையும், 0 என்பது இல்லையென்பதையும் குறிக்கும். ஆகப் பன்னிரண்டு இடங்களில் ஏழில் துடிப்பு அமைகிறது. விடையின் தொடக்கத்திலும் முடிவிலும் எப்பொழுதும் இருக்கும் இரு எல்லைத் துடிப்புகள் இவற்றைச் சட்டம்போல் அணைத்து நிற்கின்றன. அவ்விரண்டின் இடைவெளி 20.3 மைக்ரோ வினாடி. பன்னிரண்டு இடங்கள், ஒவ்வொன்றிலும் இரு நிலைகள். ஆதலின் 0000 முதல் 7777 வரை கிடைக்கும் குறியெண்கள் 4,096 மட்டுமே.

உலகில் ஒரே நேரத்தில் பறக்கும் விமானங்களுக்கு இவ்வெண்ணிக்கை போதாது. எனவே குறியெண்கள் மண்டலந்தோறும் பங்கிடப்பட்டுள்ளன. தொலைவிலுள்ள இரு மண்டலங்களில் ஒரே எண் ஒரே வேளையில் வழங்கலாம். இரு புள்ளிகளில் எது எந்த விமானம் என்ற ஐயம் எழுந்தால், அடையாளப் பொத்தானை அழுத்துமாறு அலுவலர் விமானியிடம் கூறுவார். அழுத்தியவுடன் இறுதி எல்லைத் துடிப்பிற்குப் பின் தனித் துடிப்பொன்று சேர்ந்து, திரையில் அவ்விமானத்தின் குறி சிறிது நேரம் வேறுபட்டுத் தெரியும்.

மூன்று குறியெண்கள் உலகெங்கும் ஒரே பொருளுடையவை. 7500 என்பது விமானம் கடத்தப்பட்டது முதலிய சட்டவிரோதத் தலையீட்டைக் குறிக்கும். 7600 என்பது வானொலித் தொடர்பு அற்றதைக் குறிக்கும். 7700 என்பது நெருக்கடி நிலையைக் குறிக்கும். வாய்திறந்து பேச இயலாத விமானியும் இந்நான்கு இலக்கங்களால் தம் நிலையைத் தரைக்கு உணர்த்திவிட முடியும். இவற்றில் ஒன்று வந்தவுடன் கட்டுப்பாட்டு நிலையத்துத் திரை எச்சரிக்கை காட்டும்.

உயரம் கூறும் பாரமானி

‘எவ்வளவு உயரம்?’ என்ற வினாவிற்குரிய விடையை விமானி பதிப்பதில்லை. விமானத்தின் காற்றழுத்த உயரமானி தானே அதனை வழங்குகிறது. இது நில அளவையாளரும் வனத்துறைக் களப்பணியாளரும் கையாண்ட அனிராய்டு பாரமானியின் இனத்தைச் சேர்ந்தது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். திட்ட வளிமண்டலத்தில் கடல்மட்ட அழுத்தம் 1013.25 மில்லிபார், மூணாற்றை ஒத்த 1,500 மீட்டர் உயரத்தில் அது சுமார் 845 மில்லிபாராகும்.

எல்லா விமானங்களின் மறுமொழிக் கருவிகளும் 1013.25 மில்லிபாரையே அடிப்படையாகக் கொண்டு, 100 அடிக்கு ஒரு படியாக உயரத்தை அனுப்புகின்றன. அளவுகோல் ஒன்றாக இருப்பதால் இரு விமானங்களின் உயர வேறுபாட்டை ஒப்பிடுவது எளிது. ஆனால் தரையிலிருந்து உண்மையான உயரம் வேண்டுமாயின், அன்றைய கடல்மட்ட அழுத்தத்திற்கேற்பத் திருத்தம் செய்ய வேண்டும். ஒரு மில்லிபார் வேறுபாடு தாழ்ந்த உயரங்களில் ஏறத்தாழ 28 அடிக்குச் சமம். அழுத்தம் பத்து மில்லிபார் குறைந்த நாளில் திருத்தத்தை மறந்தால், விமானம் நினைத்ததைவிட 280 அடி தாழ்ந்திருக்கும். சமவெளியின் மேல் உயரப் பறக்கையில் அப்பிழையால் உடனடி ஆபத்து நேராது. மலைமுகட்டின் மேல் அது உயிர்க்கேடாகலாம்.

மூணாறு மலைகளைக் கொண்டே இதனை உணரலாம். இம்மலைகளின் மேற்கே கொச்சி, வடக்கே கோயம்புத்தூர், கிழக்கே மதுரை ஆகிய விமான நிலையங்கள் உள்ளன. நடுவே நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது சுமார் 8,840 அடி உயரமுடையது. தென்னிந்தியாவின் மிகவுயர்ந்த சிகரம் அதுவே. உயர்ந்த மலைப்பகுதிகளில் கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம், அருகிலுள்ள மிகவுயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 2,000 அடி இடைவெளி கொள்ள வேண்டுமென்பது பொதுவிதி. அதன்படி ஆனைமுடியின் அருகே ஏறக்குறைய 10,850 அடிக்குக் கீழே அவ்விமானம் இறங்கலாகாது. கிழக்கிலிருந்து கொச்சி நோக்கி இறங்கும் விமானம் மலைத்தொடரைக் கடந்துவிட்டதா என்பதைத் திரைப்புள்ளியும், ஆணையிட்ட உயரத்தைக் காக்கிறதா என்பதை மறுமொழியும் கூறுகின்றன. இரண்டும் சேர்ந்தாலன்றி அலுவலர் துணிந்து ‘இறங்குக’ எனக் கூற முடியாது.

மலையின் நிழல்

மறுமொழி எவ்வளவு தெளிவானதாயினும், அலை நேர்க்கோட்டில் செல்வதால் மலையை ஊடுருவாது. கொச்சி விமான நிலையத்தருகே, கடல்மட்டத்தை ஒட்டிய தரையில், ஒரு ராடார் இருப்பதாகக் கணக்கிற்காகக் கொள்க. அங்கிருந்து ஆனைமுடி நேர்கிழக்கே சுமார் 72 கிலோமீட்டர். சிகரத்தைத் தொட்டுச் செல்லும் கதிர், 100 கிலோமீட்டர் தொலைவில், போடிநாயக்கனூர்ப் பக்கத்து வானில் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? ஒத்த முக்கோணங்களின்படி 2,695 × 100 ÷ 72, அதாவது சுமார் 3,740 மீட்டர். புவியின் வளைவையும் சேர்த்தால் இது ஏறக்குறைய 3,900 மீட்டராகும். அதற்குக் கீழே அத்திசையில் பறக்கும் விமானத்தின் விடை அந்த ராடாருக்கு எட்டாது.

மலையில்லாத இடத்திலும் புவியின் வளைவு ஓர் எல்லை வகுக்கிறது. கடல்மட்டத்திலுள்ள ராடாருக்கு எட்டும் தொலைவைக் கிலோமீட்டரில் அறிய, விமானத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்க வேண்டும். 10,000 மீட்டரில் பறக்கும் விமானம் 412 கிலோமீட்டர் வரை தெரியும். 1,000 மீட்டரில் பறப்பது 130 கிலோமீட்டர் வரையே தெரியும். இதனாலேயே பல இடங்களிலுள்ள ராடார்களின் செய்திகளை ஒன்றிணைத்து, ஒன்றின் நிழலை மற்றொன்றால் நிரப்புகின்றனர்.

கூட்டக் குரலும் தனிப்பெயரும்

ஒரு விடையின் நீளமாகிய 20.3 மைக்ரோ வினாடியில் அலை 6 கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும். போய்வரும் கணக்கில் இது சுமார் 3 கிலோமீட்டர் தொலைவுக்குச் சமம். எனவே ஒரே திசையில், இதற்கும் குறைந்த தொலைவு வேறுபாட்டில் இரு விமானங்கள் இருப்பின், இரண்டின் விடைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பக்கூடும்.

இதற்குத் தீர்வாக அமைந்தது எஸ் முறை. இதில் ஒவ்வொரு விமானத்திற்கும் 24 இரும இலக்கங்களாலான நிலையான முகவரி உண்டு. இவ்வகையில் 1,67,77,216 முகவரிகள் கிடைக்கும். பன்னாட்டுப் பங்கீட்டில் இந்தியாவிற்கு 2,62,144 முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. வகுப்பு முழுவதையும் நோக்கி வினவாமல், ஒரு மாணவனைப் பெயர் சொல்லி எழுப்பி வினவுவதுபோல, ராடார் ஒரு விமானத்தை மட்டும் அழைக்க இது வழிசெய்கிறது. ஏடிஎஸ்-பி என்னும் மற்றொரு முறையில், விமானம் செயற்கைக் கோள்களின் துணையால் தன் இடத்தை அறிந்து, வினா ஏதுமின்றியே வினாடிக்கு இருமுறை அளவில் அதனை அறிவித்துக்கொண்டிருக்கிறது.

விமானங்களிலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவியும் இம்மறுமொழிகளையே நம்பியுள்ளது. அது சுற்றிலுமுள்ள விமானங்களைத் தானே வினவி, அவற்றின் தொலைவையும் உயரத்தையும் கணித்து, மோதும் நிலை வருமாயின் ‘ஏறுக’ அல்லது ‘இறங்குக’ என்று விமானிக்குக் கூறுகிறது. தரை நிலையம் தவறவிட்டதையும் அது தடுக்கக்கூடும்.

மறுமொழி நின்றால்

ஆனால் விடை சொல்பவர் வாய்மூடினால் வினவுபவருக்கு ஒன்றும் தெரியாது. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் பிரேசில் நாட்டில் ஒரு சிறு ஜெட் விமானத்தின் மறுமொழிக் கருவி இயங்காமல் போயிற்று. அதனால் தரை ராடாருக்கு அதன் உயரச் செய்தி கிட்டவில்லை. மோதல் தவிர்ப்புக் கருவிகளும் எச்சரிக்கவில்லை. எதிரே வந்த போயிங் 737 விமானத்தோடு அது மோதியது. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தனர். 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தின் விடையும் நடுவழியில் நின்றது. அதன்பின் சுமார் ஒரு மணி நேரம் அதன் தடத்தைக் காட்டியது படைத்துறையின் முதல்நிலை ராடாரே.

எனவே எதிரொலி பழமையானதென்று தள்ளத்தக்கதன்று. எதிரொலி விமானத்தின் விருப்பத்தைக் கேட்பதில்லை; ஆனால் குறைவாகவே கூறும். மறுமொழி நிறையக் கூறும். ஆனால் கூறுவோன் இயங்கவேண்டும், சரியாகவும் கூறவேண்டும். இதனாலேயே, விமானம் முதன்முதல் தொடர்பு கொள்ளும்போது, திரையில் தெரியும் உயரத்தை விமானி வாயால் கூறும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அலுவலரின் கடமையாக விதிக்கப்பட்டுள்ளது. கருவியின் சொல்லையும் மனிதனின் சொல்லையும் ஒன்றையொன்று சோதிக்கச் செய்வதே இம்முறையின் உயிர்நாடி. சர்க்கி தாத்ரியில் இருந்தது மனிதனின் சொல் மட்டும். அதனைச் சோதிக்க இரண்டாவது சாட்சி இல்லை.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

இப்பாடத்தை வகுப்பில் நடத்துமிடத்துப் பன்னிரண்டு மாணவரை வரிசையாக நிறுத்தி, மூவர் மூவராகப் பிரித்து, ஒவ்வொரு மூவர்க்கும் 4, 2, 1 என மதிப்பளிக்கலாம். ஆசிரியர் ஒரு குறியெண்ணைக் கூறியவுடன் உரியவர் கைதூக்க வேண்டும். இரு முனைகளிலும் எப்பொழுதும் கைதூக்கி நிற்கும் இருவரை எல்லைத் துடிப்புகளாக நிறுத்தலாம். மலைப்பகுதிக் களப்பணியாளர், தம் கையிலுள்ள வானொலிப் பெட்டி ஒரு முகட்டின் பின்னால் தொடர்பு இழப்பதையும், முகட்டின் மேல் ஏறியவுடன் மீளப் பெறுவதையும் குறித்துவைத்தால், ராடார் நிழலின் தன்மை அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. வினாவின் இறுதித் துடிப்பு சென்ற 483 மைக்ரோ வினாடி கழித்து விடையின் முதல் துடிப்பு வந்தது. விடையளிக்குமுன் கருவி 3 மைக்ரோ வினாடி தாமதிக்கும். அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் செல்லுமாயின், விமானத்தின் தொலைவு யாது?

2. 6340 என்னும் குறியெண்ணை இரும இலக்கங்களில் எழுதுக. எல்லைத் துடிப்புகள் உட்பட மொத்தத் துடிப்புகள் எத்தனை?

3. ஒருவர் தம் விமானத்தின் குறியெண் 1985 எனக் கூறுகிறார். அது ஏன் தவறு?

4. 9,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம், கடல்மட்டத்திலுள்ள ராடாருக்கு எவ்வளவு தொலைவு வரை எட்டும்?

விடைகள்: (1) 72 கிலோமீட்டர். (2) 110 011 100 000, ஏழு துடிப்புகள். (3) மூன்று துடிப்புகளின் மதிப்பு ஏழுக்கு மேற்படாதாதலால் 8, 9 ஆகிய இலக்கங்கள் இம்முறையில் இல்லை. (4) சுமார் 391 கிலோமீட்டர்.